அவிழ்க்காமல் விட்ட ரப்பர் பட்டை

பத்தாவது வரை படித்து, அதன்பின் ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டவள் நான். நாலு பேர் கூடினால் ஓரமாகப் போய் நிற்கிற ஆள். எழுத வந்ததே அதிகப்படி. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜவ்வாது மலையில், எங்கள் சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு ரத்தம் எடுக்கும் நாள். பனிக்காலம். எல்லாரும் ஸ்வெட்டரோடுதான் வந்திருந்தார்கள். சாமை அறுப்பை விட்டுவிட்டு வந்த பெரியவர் ஒருவருக்கு, ஸ்வெட்டர்க் கையை மேலே தள்ளி, சட்டைக் கையின் மேலேயே ரப்பர் பட்டையைக் கட்டி ஊசியை ஏற்றினேன். டியூப் நிறையும் நேரம், வரிசையில் நின்ற பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பட்டையை அவிழ்த்த பிறகுதான் ஊசியை உருவ வேண்டும். நான் ஊசியை உருவி டப்பாவில் போட்டு, பஞ்சை வைத்து, ஸ்வெட்டர்க் கையைக் கீழே இழுத்துவிட்டு, அமுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு அவளிடம் ஓடினேன். திரும்பியபோது நாற்காலி காலி.

ஒவ்வொருவருக்கும் பிறகு பட்டையை ஸ்பிரிட்டால் துடைப்பேன். துடைக்கத் தேடினால் காணவில்லை. மேசைக்கடியில் விழுந்திருக்கும் என்று வேறொன்றை எடுத்துக்கொண்டேன். நாலைந்து பேருக்குப் பிறகு குனிந்து பார்த்தேன். அங்கே இல்லை. அப்போதுதான் கீழே இழுத்துவிட்ட அந்த ஸ்வெட்டர்க் கை நினைவுக்கு வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு அவர் சீட்டைத் தேடி எடுத்தேன்.

அவருக்குப் போன் கிடையாது. சீட்டில் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் இருந்தன. டாக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. வெளியே போய்விட்டு வருகிறேன் என்று நர்சிடம் முனகிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வளைவுக்கு வளைவு மணி பார்த்தேன். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. கை எவ்வளவு நேரம் தாங்கும்? மாடு ஓட்டி வந்தவரிடம் பெரியவர் பெயரைச் சொல்லி வீட்டுக்கு வழி கேட்டேன். என் குரல் அவர் காதுக்கு எட்டவே இல்லை, மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

பெரியவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை வீங்கி, விரல்களில் நீலம் பாய்ந்திருந்தது. பட்டையை அவிழ்த்தேன். தோலில் ஆழமாகத் தடம். ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன்.

"நீ கட்டினது, நர்சம்மா. கோயில்ல கட்டுற காப்ப நாமளே அவுத்துக்குவோமா? கட்டினவங்கதான் அவுக்கணும்."

நான் நர்ஸ் இல்லை என்று சொல்லும் நிலையில் அன்று இல்லை. சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி என்னைப் பார்க்காமலே, "ஆட்ட கட்டினாகூட பொழுதோட வந்து அவுத்துடுறாங்க" என்றார்.

பெரியவரிடம் விரல்களை மடக்கி நீட்டச் சொன்னேன். நிறம் மெதுவாகத் திரும்பியது. ஆனால் இரண்டு விரல்களைக் கிள்ளினாலும் தெரியவில்லை என்றார். "அதான் அவுத்தாச்சில்ல, இனிமே இன்னா? நீ போ."

போய்விட்டால் யாருக்கும் தெரியாது. வண்டி வரை நடந்தேன். சாவியைப் போட்டேன், எடுத்தேன். திரும்பி வந்து அந்த இரண்டு விரல்களையும் மறுபடி தொட்டுப் பார்த்தேன்.

"டாக்டர்கிட்ட காட்டணும், ஏறுங்க. நான்தான் மறந்துட்டேன்னு நானே சொல்றேன்."

அந்த அம்மா போர்வையைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டார். சுகாதார நிலையத்தில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்படி ஆனது என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சொன்னேன்.

மறுநாள் நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் வந்தார். வீக்கம் வடிந்திருந்தது, ஒரு விரல் மட்டும் இன்னும் மரத்திருந்தது. முதல் நாள் அவசரத்தில் குலுக்காமல் வைத்த டியூபில் ரத்தம் உறைந்துவிட்டதால், திரும்ப எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். இன்னொரு கையில் நர்ஸ் எடுத்தார். பட்டையை அவர் அவிழ்க்கும் வரை நான் பக்கத்தில் நின்றேன்.