தண்ணீர் புகாத மோதிரம்

இதை எழுத உட்காருவதும் பயந்து எழுந்து போவதுமாகவே நான்கு வருடம் கழிந்துவிட்டது. எட்டாவது வரை படித்தவன் நான். கடத்தூரில் வெள்ளி மோதிரமும் மெட்டியும் செய்து விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். எழுத்து வராதது ஒரு காரணம். வெட்கம்தான் பெரிய காரணம்.

இளவயதில் எனக்குச் சிங்க முகம் போட்ட தடி மோதிரம்தான் பிடிக்கும். கல்யாணத்தில் மாமனார் தங்க மோதிரம் போட்டார். ஆண்கள் தங்கம் அணிவது இஸ்லாம் மார்க்கத்தில் கூடாது, வெள்ளிதான் ஆகும் என்று தெரிந்தும் ஒரு வருடம் ஆசையாகப் போட்டுத் திரிந்தேன். பிறகு மனது உறுத்திக் கழற்றினேன். வெறும் விரலைப் பார்த்த மனைவி, தன் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் கொலுசில் அறுந்துபோன ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அதை உருக்கி, கல் வைக்காமல், பட்டையாக அடித்துப் போட்டுக்கொண்டேன். மோதிரம் என்றால் விரலை இறுகப் பிடிக்க வேண்டும் என்பது அப்போது என் பிடிவாதம். "நான் செஞ்சது கழண்டு விழாதுங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை பேசுவேன். வருடம் போகப் போக விரல் தடித்ததைக் கவனிக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள், பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாம் ஊரில் இல்லை. மாலை நேரத்து அஸர் தொழுகையை என்னை நடத்தச் சொன்னார்கள். பள்ளிவாசல் குழாயடியில், தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவுகிற ஒளு செய்தேன். மோதிரத்தை அசைத்து அடியில் தண்ணீர் படவைக்க வேண்டும். கொஞ்சம் இடம் காய்ந்திருந்தாலும் ஒளு சேராது, தொழுகையும் சேராது. நான் மேலே தடவிவிட்டு எழுந்தேன். பக்கத்துக் குழாயில் இருந்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்.

"என்னா பாய், மோதிரத்த அசைக்கலயே?"

அசைத்தேன். அசையவில்லை.

"டிக்கெட் எடுத்துட்டு உக்காந்துட்டாப்ல இருக்கு, எறங்க மாட்டேங்குது!" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சோப்பு போட்டு இழுத்தேன். விரல் சிவந்து வீங்கியதுதான் மிச்சம். உள்ளே தொழுகைக்கு எல்லாரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றால் அத்தனை பேர் தொழுகையும் என் கழுத்தில். "வயித்து வலிங்க, வேற யாராச்சும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன். அல்லாஹ்வின் வீட்டு வாசலில் நின்று சொன்ன பொய்.

வீட்டில் மனைவியிடம் கையைக் காட்டினேன்.

"ஊருக்கெல்லாம் அளவெடுக்கறீங்க, உங்க வெரலுக்கு எடுக்கலயா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேலியை விட்டாள். "அஸர் நேரம் போவுது. அறுத்துடலாங்க."

"உங்கம்மா வூட்டுக் கொலுசு..."

"எங்கம்மா இருந்தா அவங்களே அறுத்திருப்பாங்க. கைய நீட்டுங்க."

மோதிரம் வலது கையில். இடது கையால் எனக்கு அறுக்க வராது. ரம்பத்தை ஒருநாளும் தொடாத அவள்தான் பிடித்தாள். தோலுக்குக் காவலாகத் தகடு சொருகவும் இடமில்லை. பாதியில் ரம்பத்தின் இழை முறிந்தது, வேறு மாட்டினேன். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி மேலேறிக்கொண்டிருந்தது. அவள் ரம்பத்தை நிறுத்தாமல் இழுத்தாள். உதடு மட்டும் பிஸ்மில்லாஹ் என்றது. கடைசி இழுப்பில் விரலில் கீறல் விழுந்தது. வெள்ளி விரிந்தது. அடியில் வெளுத்துச் சுருங்கிய தோல்.

ரத்தம் நின்றதும் ஒளு செய்து, சூரியன் மறைந்து நேரம் முடிவதற்குள் தொழுதேன். அல்ஹம்துலில்லாஹ்.

இமாம் திரும்பியதும் கேட்டேன். எப்போதிருந்து இறுகியதோ அன்றிலிருந்து திருப்பித் தொழச் சொன்னார். எப்போது இறுகியது? எனக்கே தெரியாது. கூடுதலாகவே கணக்கு வைத்துக்கொண்டு, இன்னும் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் பழைய தொழுகை ஒன்றைத் திருப்பித் தொழுகிறேன். வயிற்று வலி என்ற பொய்யை மட்டும் பள்ளிவாசல் ஜமாஅத்தாரிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

இப்போது விரலில் சுழலுகிற மோதிரம்தான் செய்கிறேன். இறுக்கமாகக் கேட்கிற பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்வேன், பொய்யை விட்டுவிட்டு. இங்கேதான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன். மோதிரம் போடுகிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். என்னை நல்லவனாக்க எதையும் குறைக்காதீர்கள். அந்தப் பொய்யும் அப்படியே போய்ச் சேரட்டும்.