அச்சாகாத அட்டை

எங்கள் காரில் நான்கு பேர் போகலாம். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் ஒருவர்தான் போகலாம். மற்ற மூவரும் இறங்கி, நடந்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். தென்காசியில் எங்கள் தெருமுனை டீக்கடையில் இந்தக் காட்சிக்காகவே இரண்டாவது டீ சொல்கிறவர்கள் உண்டு. "எறங்குங்க, எறங்குங்க, விமானம் மேடு ஏறப் போவுது" என்று அதில் ஒருவர் அறிவிப்பும் கொடுப்பார்.

தப்பு காருடையது இல்லை. நான் ஆஃப்செட் பிரஸ் வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்பேன். நாற்பது தாண்டிய பிறகு வரக்கூடாத ஆசை ஒன்று எனக்கு வந்தது: என் பழைய சின்ன கார் பூனை மாதிரித் தரையோடு பதுங்கி நிற்க வேண்டும். நாலு ஸ்பிரிங்கையும் கழற்றிக் குட்டை ஸ்பிரிங் போட்டேன். வண்டி நாலு சென்டிமீட்டர் இறங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய சாமான் கடையில் பளபளவென்று பதினாலு அங்குலச் சக்கரங்களைப் பார்த்து மயங்கி, அதையும் வாங்கி மாட்டினேன். அளவு பார்க்கவில்லை, அழகு பார்த்தேன். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையேதான் செய்தேன். அது நல்லபடியாக முடிந்ததில் வந்த தைரியம்.

ஆள் ஏறினால் வண்டி அமுங்கும். மேட்டில் ஏறி இறங்கும்போது டயர் மேலே போய் மட்கார்டில் 'கர்ர்' என்று உரசும். அதற்குத்தான் இந்த நடைப்பயணம். என் மாமனார் பட்டாளத்தில் இருந்தவர். மூன்றாவது முறை இறங்கி நடந்த அன்று என்னிடம் சொன்னார்: "மாப்ள, நான் லாரியில போயிருக்கேன், கோவேறு கழுதையில போயிருக்கேன். எதுவும் என்னய எறங்கி நடன்னு சொன்னதில்ல. கழுதைகூடச் சொல்லல."

அன்று மாலையே மனைவி தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். பழைய ஸ்பிரிங்குகளை அவள் தூக்கிப் போடவில்லை. துணி சுற்றித் தையல் மிஷினுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் காலால் தட்டிக் காட்டினாள்.

"இந்த சீசனுக்கு அப்பாவயும் அம்மாவயும் கூட்டிட்டுப் போவோம். ஐந்தருவியில குளியல், புளியறையில பரோட்டா, அப்புறம் வீடு. வழியில ஒருத்தரும் எறங்கக் கூடாது. ஒரு 'கர்ர்' கேக்கக் கூடாது. கேட்டுச்சு, மறுநாள் காலையில இது வண்டியில ஏறும். உங்க பூனை பழையபடி ஒட்டகமாயிரும். என்ன சொல்லுதிய?"

என்ன சொல்ல? சரி என்றேன்.

டயர் கடை அண்ணாச்சிக்குப் போன் போட்டு, சரியான சக்கரம் வேண்டும் என்றேன்.

"இப்ப மாட்டியிருக்கதுல ஆஃப்செட்டு எவ்வளவுவே?"

"ஆயிரம் காப்பிக்கு மேல போனா கொறச்சுத் தாரேன் அண்ணாச்சி. யாருக்குக் கல்யாணம்?"

"வே, எம் மவளுக்குக் கல்யாணம் முடிஞ்சு பேரனே பள்ளிக்கூடம் போறான். நான் கேட்டது சக்கரத்தோட ஆஃப்செட்டு" என்றார். சக்கரம் வண்டிக்குள் எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்ணாம் அது. இருபது வருடமாக ஆஃப்செட்டில் சோறு தின்கிறேன், எனக்கு அது தெரியாது. என் சக்கரங்கள் ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன, பந்தியில் கால் நீட்டி உட்கார்ந்தவன் மாதிரி.

நேரில் போனபோது அண்ணாச்சி விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். "பெரிய டயர் போட்டா வண்டி ஒசரும், ரோட்டுல வயிறு தட்டாது. ஆனா டயர் தோளு மட்கார்டுல உரசும். சின்ன டயர் போட்டா தோளு உரசாது, வயிறு தட்டும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு அளவு இருக்கும். அதத்தான் நீரு தேடணும்."

டயரில் எழுதியிருக்கும் எண்களைப் படிக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார். 155/70 R13 என்றால், 155 மில்லிமீட்டர் அகலம். அதில் நூற்றுக்கு எழுபது பங்கு டயரின் பக்கச்சுவர் உயரம். 13 அங்குலம் சக்கரம். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும். சம்பந்தி வீட்டார் மூன்று ஊரிலிருந்து வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. பிரஸ்ஸுக்கு வந்து ஒரு புரூஃப் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கம்பெனியில் வந்த பன்னிரண்டு அங்குல டயரின் மொத்த உயரம் 537 மில்லிமீட்டர். என் அழகுச் சக்கரத்துக்கு 583. அதாவது, வண்டியை நாலு சென்டிமீட்டர் இறக்கி வைத்துவிட்டு, அந்த வித்தியாசத்தில் பாதி, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், டயரை மட்கார்டுக்குள் ஏற்றியிருக்கிறேன். எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் என்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மை.

எங்கே உரசுகிறது, எங்கே தட்டுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு என் தொழில் கைகொடுத்தது. மணமகன் பெயருக்கு முன்னால் 'திருவளர்ச்செல்வி' என்று அச்சாகி, என் தலையில் விழுந்த பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தன. கெட்டியான அட்டை, பின்பக்கம் சுத்த வெள்ளை. மட்கார்டுக்கு உள்ளே நாலு இடத்திலும், வண்டியின் அடிவயிற்றிலும் வெள்ளைப் பக்கம் தெரிய ஒட்டினேன். டயர் உரசினால் கறுப்பு மை, ரோடு தட்டினால் கீறல். தானாக அச்சடித்துக் கொடுக்கும்.

சரி, பாரத்துக்கு எங்கே போவது? மாமனாரை ஏற்றி இறக்கிச் சோதனை போட முடியாது. காகிதம் இருக்கிறதே! ஐந்நூறு ஏ4 தாள் கொண்ட கட்டு, அதாவது ஒரு ரீம், ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. மாமா தொண்ணூறு கிலோ, அவரே பெருமையாகச் சொல்வார், முப்பத்தாறு ரீம். அத்தைக்கு இருபத்தைந்து. மனைவியின் எடையைக் கேட்கும் அளவுக்கு நான் வீரன் இல்லை. உத்தேசமாக இருபத்தாறு ரீமை முன்சீட்டில் அடுக்கினேன். அந்த நேரம் பார்த்து அவள் சாப்பாட்டுத் தூக்கோடு பிரஸ்ஸுக்கு வந்தாள்.

"பின்னால இருக்கது யாரு?"

"மாமாவும் அத்தையும்."

"அப்ப இது?"

நான் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தேன். அவள் தூக்கைக் கீழே வைத்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணி ஆறு ரீமை எடுத்து மேசையில் வைத்தாள். "இருவது. இதுக்கு மேல ஒரு தாளு ஏறக் கூடாது" என்றாள். பதினைந்து கிலோ. திரும்ப எடுத்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

காகிதக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தெருமுனை மேட்டில் ஏறினேன். பதினாலு அங்குலத்தில் மட்கார்டு அட்டைகள் நாலும் கன்னங்கரேல். வயிற்று அட்டை வெள்ளை. அண்ணாச்சி இரவல் கொடுத்த 155/65 R13-இல் மட்கார்டு வெள்ளை. வயிற்றில் நீளமாக ஒரு கீறல், 'திருவளர்ச்செல்வி' வரை கிழிந்துவிட்டது. மூன்றாவதாக 155/70. உயரம் 547. சக்கரமும் ஒழுங்காக உள்ளே ஒதுங்கி நின்றது. மேட்டில் ஏறி இறங்கிக் குனிந்து பார்த்தேன். எல்லாம் வெள்ளை! ஒரே ஒரு குறை, ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்றார் அண்ணாச்சி. பரவாயில்லை, குறைத்துச் சொல்லும் இன்னொருவரோடு குடித்தனம் நடத்தி எனக்குப் பழக்கம்தான்.

ஆனால் அந்த ஆறு ரீம் என் நெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புது அட்டைகள் ஒட்டிக் கிளம்பினோம். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலம் போகும் வழியில் முதல் மேட்டைப் பார்த்ததும் மாமா பழக்கதோஷத்தில் கதவுப் பிடியில் கை வைத்தார். "உக்காருங்க மாமா" என்றேன். ஏறியது, இறங்கியது. சத்தமே இல்லை. மாமா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்துணி மூட்டையோடு ஏறினார்கள். தண்ணீருக்கும் எடை உண்டு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செங்கோட்டை தாண்டிப் புளியறையில் பரோட்டாக் கடை. காகிதம் பரோட்டா தின்னாது. என் கணக்கில் விட்டுப்போன பெரிய விஷயம் அது. மாமா ஏழாவது பரோட்டாவைப் பிய்க்கும்போது நான் மனதுக்குள் ரீம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள சாப்பிடாம என்ன யோசன?"

"வண்டிக்காகப் பத்தியம் மாமா."

"ஏட்டி, ஒம் புருசன் சாப்பாட்ட எம் பக்கம் தள்ளு."

போச்சு, ஒன்பது.

திரும்பும் வழியெல்லாம் நான் மூச்சை உள்ளிழுத்துப் பிடித்துத்தான் ஓட்டினேன், ஏதோ அதனால் வண்டி லேசாகும் என்பதுபோல. கடைசியில் எங்கள் தெருமுனை. டீக்கடை நிரம்பியிருந்தது. அறிவிப்பாளர் எழுந்து நின்றேவிட்டார். "எறங்குங்க, எறங்..."

மெதுவாக முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம். மாமாவும் ஒன்பது பரோட்டாவும் உட்கார்ந்திருந்த பக்கம் ஆழமாக அமுங்கி, எழுந்தது. ஒரு 'கர்ர்' இல்லை. அறிவிப்பாளர் திறந்த வாயை மூடவில்லை. மாமா கண்ணாடியை இறக்கி, நெஞ்சை நிமிர்த்தி, டீக்கடை முழுவதற்குமாக ஒரு பட்டாளத்து சல்யூட் வைத்தார்.

வீட்டு வாசலில் மல்லாந்து படுத்து அட்டைகளை உரித்தேன். ஐந்தும் வெள்ளை. சேறு தெறித்திருந்தது, துடைத்தால் போய்விட்டது. இத்தனை வருடத் தொழிலில், ஒன்றுமே அச்சாகாமல் வந்த அட்டையைப் பார்த்து நான் குதித்தது அன்று மட்டும்தான். ஓடிப்போய் மனைவியிடம் நீட்டினேன்.

அவள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே போய்த் தையல் மிஷினுக்கு அடியிலிருந்து பழைய ஸ்பிரிங் மூட்டையை இழுத்து வந்து வாசலில் வைத்தாள். "பழைய இரும்புக்காரர் வந்தா போட்டுருங்க" என்றாள். அரசன் வாளைக் கீழே வைத்த மாதிரி இருந்தது.

ஆனால் அவள் முகத்தில் தோற்ற களையே இல்லை. அட்டையை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"பாத்தியளா? நான் இருவது ரீம்தான்."