நாலு தரம் என்று யார் சொன்னது

டொக்டர் சிவகாமி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வோபர்னில் மகனின் நீச்சல் வகுப்புக்கு வெளியே, அவனுடைய ஈரத் துவாயை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பழைய அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி. அதன் கீழே கைகூப்பிய படங்கள். எனக்கு முதலில் வந்தது கோபம். அழுகை பிறகும் வரவில்லை. மகனுக்குத் தலை துவட்டி, காரில் இருத்தி, பெல்ற் போட்டு முடிப்பதற்குள் குழுவில் அவர் 'அன்பே உருவானவர்' ஆகிவிட்டார்.

அவர் அன்பே உருவானவர் அல்ல. அவரோடு ஒரு கிழமை வேலை செய்த யாருக்கும் அது தெரியும்.

அவருடைய தங்கை பத்மா அன்ரி, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நல்லதாக ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். நான் எழுதவில்லை. மலர் என் கைக்கு வந்ததும் வாசித்தேன். எழுதியவர்கள் எல்லோருக்கும் புன்னகை மாறாத ஒரு டொக்டரைத் தெரிந்திருக்கிறது. அதனால் பிந்தியாவது இதை எழுதுகிறேன். அன்ரி, இதை யாருக்குக் காட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மலர் கிடைத்த எல்லோருக்கும் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் ஓமானில், கடலிலிருந்து தள்ளியிருந்த ஒரு சிறு நகரத்துச் சுகாதார நிலையத்தில் நீண்ட காலம் குடும்ப மருத்துவராக இருந்தவர். பாட்டன், மகள், பேரப்பிள்ளை என்று ஒரு வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் டொக்டர். கனடாவுக்கு வந்தபோது இங்கே மருத்துவம் பார்க்கும் அனுமதி கிடைக்கவில்லை. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில் குடியிருந்துகொண்டு, பொதுச் சுகாதார ஆய்வு அலுவலகம் ஒன்றில் வேலை செய்தார். படிப்பை முடித்துவிட்டு நான் அங்கே சேர்ந்த முதல் நாளில் அவர் எனக்குச் சொன்ன வரவேற்பு இது:

"எல்லாரும் டொக்டர் எண்டுதான் கூப்பிடுவினம். இஞ்ச நான் டொக்டர் இல்லை. உம்மட இருமலை என்னட்டைக் கொண்டு வராதேயும்."

நான் இருமவேயில்லை.

மற்றவர்களின் சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்த்து "உப்புக் கூட" என்பார். சாப்பிட்டுப் பார்த்ததில்லை. பார்த்தே சொல்வார். நான் எழுதிக் கொடுக்கும் அறிக்கை சிவப்பு மையோடு திரும்பி வரும். திருத்தம் இருக்காது. வரிக்கு வரி ஓரத்தில் "ஆர் சொன்னது?" என்ற இரண்டு சொல் மட்டும் இருக்கும். ஒரு பக்கத்தில் ஒன்பது இடத்தில் அதைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றிருக்கிறேன்.

எங்கள் ஆய்வு ஓமானில் அவர் சேர்த்த ஒலிப்பதிவுகளைப் பற்றியது. வயிற்றோட்டம் வந்த குழந்தைக்கு வீட்டில் என்ன கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்தார்கள் என்று அறைக்குள் வந்தவர்களிடம் கேட்டுப் பதிந்தவை. அந்த வீடுகளில் பிள்ளைகளை வைத்திருந்தவர்களில் பலர் எங்கள் நாட்டுப் பெண்கள். ஹற்றனிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வேலைக்குப் போனவர்கள். தமிழ்ப் பதிவுகளைக் கேட்டு எழுதுவது என் வேலை.

அந்தப் பதிவுகளில் இருக்கும் டொக்டரின் குரலை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை, அது அவ்வளவு இதமாக இருந்தது. முதலில் தாய் அரபியில் பதில் சொல்வார். பிள்ளை நன்றாகக் குடித்தது, நன்றாகச் சலம் போனது, அதாவது சிறுநீர் குறையவில்லை, உடம்பில் தண்ணீர் வற்றவில்லை. டொக்டர் ஏதோ மரியாதையாகச் சொல்லி அவரை நிறுத்துவார். பிறகு கதவோரம் நின்ற பெண்ணிடம் தமிழில் கேட்பார். "தங்கச்சி, கடைசியாப் பிள்ளைக்குக் குடிக்கக் குடுத்தது ஆர்?" நான்தான் அம்மா என்று ஒரு சின்னக் குரல் வரும். அதற்குப் பிறகு வருகிற பதில் வேறாக இருக்கும். காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை என்று வரும்.

படிவத்தில் 'தாயின் பதில்' என்று ஒரு நிரல் இருந்தது. நான் அதில் தாய் சொன்னதை நிரப்பினேன். அது பிழையென்று யார்தான் நினைப்பார்கள்? இரண்டு மாத வேலையை அவர் என் மேசையில் போட்டுவிட்டு, எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

"தாய் எண்டால் எல்லாம் தெரியும் எண்டு ஆர் சொன்னது? குடுத்த கைக்குத்தான் தெரியும். முழுக்கத் திருப்பிச் செய்யும்."

நான் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. திருப்பிச் செய்தேன். மகன் பிறந்தபிறகு வேறு வேலைக்குப் போனேன், அவரிடமிருந்து தப்பினேன் என்று நினைத்துக்கொண்டு.

மகனுக்கு ஒரு வயதானபோது அவனைப் பகலில் மோர்னிங்சைட்டில், வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராணி அன்ரியிடம் விட்டேன். ஒரு நாள் அவனுக்கு வயிற்றோட்டம். வேலை முடிந்து எடுக்கப் போனேன். கார் நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றது. அன்ரி வாசலில் ஏதோ சொல்லத் தொடங்கினார், நான் ஓம் ஓம் என்றபடியே நடந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிள்ளை சோர்ந்து கிடந்தான். பயத்தில் நான் எடுத்த முதல் எண் டொக்டருடையது. அவர் தன்னைக் கேட்கக் கூடாது என்றும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படியும் சொன்னார். நான் கெஞ்சினேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, பிள்ளை குடித்தானா, இன்றைக்கு எத்தனை தரம் சலம் போனான் என்று கேட்டார்.

"நல்லாக் குடிச்சவன். நாலு தரம் போனவன்," என்றேன்.

எனக்குத் தெரியாது. பகல் முழுக்க நான் அவனைப் பார்க்கவேயில்லை. தெரியாது என்ற சொல்லை அந்த மனுஷியிடம் மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கடைசியாகக் குடிக்கக் கொடுத்தது யார் என்று கேட்பார், மாட்டுப்படுவேன் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை.

"அப்ப பயமில்லை. கரண்டியால அடிக்கடி குடும்."

இரண்டு மணி நேரத்தில் பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. அழுதான், கண்ணீர் வரவில்லை. அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில் கேட்டார்கள் என்று ராணி அன்ரிக்கு அழைத்தேன். "காலமையில இருந்து ஒருக்காத்தான் போனவன் பிள்ளை. வாசலில சொல்ல வெளிக்கிட்டனான், நீங்கள் நிக்கேல்லை," என்றார்.

அடுத்த நாள், கையில் சேலைன் ஊசியோடு மகன் தூங்கும்போது டொக்டர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளி விட்டுப் பார்த்தார். நாக்கைப் பார்த்தார். அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நாலு தரம் எண்டு ஆர் சொன்னது?"

"ஓமானில எல்லாரிட்டையும் கேட்டனீங்கள். என்னட்டை மட்டும் கேக்கேல்லை," என்றேன்.

"உம்மட்டைக் கேக்கத் தேவையில்லை எண்டு நினைச்சன்," என்றார். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

வெளியே நின்ற மாமியார் என்ன நடந்தது என்று கேட்டார். டொக்டர்தான் பயமில்லை என்று சொன்னவர் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அது எங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போனது, கோயிலிலிருந்து மரக்கறிக் கடைக்குப் போனது. அனுமதியில்லாதவள் மருந்து சொல்லி ஒரு குழந்தை சாகப் பார்த்தது என்று ஆனது. அவர் மறுத்தும் அவரிடம் ஆலோசனை கேட்டுவந்த ஆட்கள் கேட்பதை விட்டார்கள். ஒரு கலியாண வீட்டில் யாரோ நேரே கேட்டதற்கு அவர், "ஓம், நான்தான் சொன்னனான்" என்று மட்டும் சொன்னாராம். பத்மா அன்ரி எனக்கு இதைச் சொன்னது செத்தவீட்டில். என் பொய்யை அவர் தங்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

இதற்கும் அவரில் எனக்குக் கோபம்தான். சொல்லியிருக்க வேண்டும். நான் மறுத்திருப்பேன், கத்தியிருப்பேன், யாராவது ஒருவர் இரண்டு பேரில் பிழை யாருடையது என்று கண்டுபிடித்திருப்பார். ஒவ்வொரு வரியிலும் என்னிடம் ஆதாரம் கேட்டவர், தன் பெயர் கெட்டபோது ஒருவரிடமும் ஆதாரம் கேட்கவில்லை. என்னைக் கேட்காமல் நம்பினார், பிறகு கேட்காமலே விட்டார். இரண்டையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

போன கிழமை மகனுக்குக் காய்ச்சல். வோக்-இன் கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர், பகலில் எவ்வளவு குடித்தான் என்று கேட்டார். என் வாய் ஓர் எண்ணோடு திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். ராணி அன்ரிக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுப் போனை மேசையில் வைத்தேன். தாய் நீங்கள்தானே, நீங்கள் சொன்னாலே எழுதுகிறேன் என்றார் அந்த இளம் டொக்டர். பகலில் பிள்ளை அன்ரியோடு நின்றவன், அவர் சொல்வதை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, அன்ரி சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தேன். ஓர் எண்ணும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

டொக்டர் சிவகாமியிடமிருந்து நான் வைத்திருப்பது இதுவும், பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியும்.

நாலு தரம் எண்டு நான்தான் சொன்னனான், டொக்டர்.