எட்மண்டனில் உலகச் சம்பியன் தேர்வு

என் கணவருக்கு ஸ்பீட்வே விசர் பிடித்தது டென்மார்க்கில். லண்டனுக்கு வந்து இத்தனை காலமாகியும் இறங்கவில்லை. அகதிகளாகப் போன எங்களை அங்கே ஒரு சின்ன ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். கோயில் இல்லை, தமிழ்க் கடை இல்லை, பேசச் சனம் இல்லை. ஸ்பீட்வே மைதானம் மட்டும் இருந்தது. மனுசன் வேறு என்ன செய்வார்? தேருக்குப் போகிற பக்தியோடு கிழமைக்குக் கிழமை அங்கே போய் நின்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில், மண் தரையில், நாலு பேர் இடப்பக்கமாகவே நாலு சுற்றுச் சுற்றுவதுதான் ஸ்பீட்வே. வளைவு வந்தால் வண்டியைச் சரித்து, பின்சக்கரத்தை வழுக்கவிட்டுத் திரும்ப வேண்டும். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். பார்க்கப் போனவர்களின் தலையிலும் வாயிலும் மண் இருக்கும். காசு கொடுத்து மண் தின்கிற விளையாட்டு என்று நான் சொல்வேன். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

பிள்ளையின் ஆங்கிலப் படிப்பு என்று சொல்லி லண்டனுக்கு வந்தோம். எட்மண்டனில் வீடு, பக்கத்துத் தெருவில் அவருடைய கார் திருத்தும் கராஜ். மகள் படித்து, வேலை எடுத்து, தன் பாட்டுக்குப் போய்விட்டாள். மேல் அறை சும்மா கிடந்தது. ஒருநாள் கராஜுக்குப் பழைய வான் ஒன்று வந்தது. வானுக்குள் இரண்டு ஸ்பீட்வே வண்டி, இரண்டு மெத்தை, இரண்டு ஆஸ்திரேலியப் பெடியன்கள். அன்று பின்னேரமே என் கணவர் இருவரையும் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறார்.

"இஞ்சேரும், இவையள் மேல் ரூமில இருக்கட்டும். பாவங்கள், வானுக்குள்ள படுக்கினம்."

ஆஸ்திரேலியாவில் இவர்கள் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே வண்டி ஓடப் பழகிவிடுகிறார்களாம். ஆனால் பெயர் எடுக்கிற பந்தயங்கள் எல்லாம் இங்கிலாந்திலும் போலந்திலும் சுவீடனிலும்தான். ஆகவே மீசை சரியாக முளைக்கும் முன்பே விமானம் ஏறி வந்துவிடுகிறார்கள். போலந்துக்குப் பறக்க ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் கிட்ட என்பதால் எட்மண்டன் அவர்களுக்கு வசதி. என் சமையலும் வசதி என்பது பிறகு தெரிந்தது.

இருவருக்கும் நல்ல பெயர்கள் இருந்தன. எங்கள் வாயில் வந்தது நெட்டையன், சுருட்டையன். நெட்டையன் சினிமா நடிகன் மாதிரி இருப்பான். சுருட்டையன் குள்ளம், தலை முழுக்கச் சுருள் முடி, பேச்சுக் குறைவு. எதைச் சமைத்து வைத்தாலும் "இதில் என்ன போட்டீர்கள், அன்ரி?" என்று கேட்டுக் கேட்டுத் தின்பான்.

ஞாயிறு பின்னேரம் எங்கள் குசினியில் மகாநாடு கூடும். என் கணவர், நான், பக்கத்து வீட்டு மலேசியாக்காரர். மலேசியாக்காரர் படிக்க வந்து, வங்கியில் வேலை பார்த்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். இந்த நாட்டில் ஓடுகிற ஆஸ்திரேலியப் பெடியன்களில் எவன் உலகச் சம்பியன் ஆவான் என்று நாங்கள் மூவரும் உளுந்து வடையோடு தீர்மானிப்போம். உலகத்துக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

எங்களுக்குத் தெரிந்த தேர்வு முறை ஒன்றுதான், அது மாப்பிள்ளை பார்க்கிற முறை. தகப்பன் என்ன வேலை? குடிப்பானோ? கோபக்காரனோ? தாயோடு எத்தனை நாளுக்கு ஒருக்கால் பேசுகிறான்? ஒருமுறை என் கணவர் நெட்டையனிடம் பிறந்த நேரமும் கேட்டுப் பார்த்தார். அவன் தாய்க்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொல்ல, இவர் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமை சாத்திரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினார். அவருக்கோ பிரிஸ்பேனில் சூரியன் எப்போது உதிக்கும் என்று தெரியவில்லை. அந்த முயற்சி அதோடு நின்றது.

மலேசியாக்காரருக்குக் கணக்குத்தான் சாமி. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொள்வார்.

"நெட்டையன் இந்த சீசன்ல ஜெயிச்சதைப் பாருங்க. நம்பர் பொய் சொல்லாதுலா."

"ஓமோம்! அவன் ராசா! அடுத்த வேர்ல்ட் சம்பியன் அவன்தான்!" என்று என் கணவர் நெட்டையனின் முதுகில் தட்டி, ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்வார். நெட்டையன் மினுங்குவான்.

"அப்ப சின்னவன்?" என்று நான் சுருட்டையனைக் காட்டுவேன்.

"உவனோ? வளைவுக்குள்ள பேய்ப் போக்கெல்லே போறான். உவன் ஒண்டுக்கும் உதவான்." இதையும் ஆங்கிலத்தில் சொல்வார். சுருட்டையன் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வடையை எடுப்பான்.

ஆனால் மைதானத்தில் நான் பார்க்கிற மனுசன் வேறு ஆள். நெட்டையன் ஓடும்போது தேத்தண்ணி குடிப்பார், பக்கத்தில் நிற்பவருடன் பகிடி விடுவார். சுருட்டையன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தால் போதும், எழும்பி நின்று என் மணிக்கட்டைப் பிடித்து நெரிப்பார். வீட்டுக்கு வந்து பார்த்தால் வளையல் பதிந்த அடையாளம் இருக்கும். ஒருமுறை கென்ட் பக்கத்து மைதானத்திலிருந்து காரில் திரும்பி வரும்போது, நான் கேட்காமலே தொடங்கினார்.

"முன்னுக்கு வெளிக்கிட்டு முன்னுக்கு வாறது ஆரும் செய்யலாம். நெட்டையன் செய்யிறது அதுதான். உவன் கடைசியா நிண்டு, ஒருத்தரும் விடாத இடத்தில இடம் எடுக்கிறான் பாத்தனீரே? அது படிப்பிக்க ஏலாது. டென்மார்க்கில எத்தினை பேரைப் பாத்தனான்! உவனுக்குக் கிட்ட ஒருத்தரும் வரமாட்டினம்."

"அப்ப அதை அவனிட்டச் சொல்லுங்கோவன்."

"விசரே உமக்கு? நாவூறு பட்டிடும்!"

நாவூறு என்றால் நமக்கெல்லாம் விளங்கும். சொந்தப் பிள்ளையை வாய்திறந்து புகழக் கூடாது, புகழ்ந்தால் ஏதாவது வந்துவிடும். அடுத்த வீட்டுப் பிள்ளையை எவ்வளவும் புகழலாம். எங்கள் மகள் சட்டத்தரணி ஆன அன்று இவர் அவளிடம் சொன்னது "பறவாயில்ல" என்ற ஒரு சொல். பிறகு தெரு முழுக்க லட்டுக் கொடுத்தார். அவள் எங்கள் வயிற்றில் பிறந்தவள், அப்பாவின் பேச்சைத் திருப்பிப் போட்டுப் படிக்க அவளுக்குத் தெரியும். சுருட்டையன் பாவம், குயின்ஸ்லாந்தில் பிறந்தவன். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டான்.

அவர்கள் வந்த இரண்டாவது கோடையில், ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, சுருட்டையன் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடித்து, அவற்றின் மேல் அறைக் கதவின் திறப்பை வைத்துக்கொண்டு குசினிக்குள் வந்தான். ஆங்கிலத்தில் அவன் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"அன்ரி, நான் வீட்டுக்குப் போகிறேன். சனிக்கிழமைப் பந்தயம்தான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை விமானம்."

"ஏன் ராசா, ஆருக்கும் சுகமில்லையோ?"

"எல்லாரும் சுகம். அப்பாவோடு மின்சார வேலைக்குப் போகப் போகிறேன். விசயம் தெரிந்த ஒருவர் என்னால் முடியும் என்று சொன்னால் இருப்பது, இல்லையென்றால் திரும்பிப் போவது என்று வரும்போதே நினைத்துத்தான் வந்தேன். அங்கிளுக்கு விசயம் தெரியும். நெட்டையனுக்குச் சொல்கிறார். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பொய் சொல்லாத மனிதர்."

கண் கலங்கியதை மறைக்க விரிப்பை மறுபடி மடித்தான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுச் செருப்போடேயே கராஜுக்கு நடந்தேன். மனுசன் ஒரு காருக்கு அடியில் கிடந்தார். வெளியே இரண்டு கால்தான் தெரிந்தது.

"வெளியில வாங்கோ! உங்கட நாவூறு அந்தப் பெடியனைப் பிளேனில ஏத்தி அனுப்பப் போகுது!"

வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று. ஆனால் சொன்னது என்ன தெரியுமா?

"போகட்டும். போனால் உயிரோட இருப்பான்."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். இத்தனை வருடம் ஒரு கட்டிலில் படுத்தும் எனக்குச் சொல்லாத கதை. டென்மார்க்கில் ஒரு பெடியன் இருந்தானாம். நன்றாக ஓடுவானாம். இவர் ஒருநாள் போய்க் கையைப் பிடித்து, நீ உலகச் சம்பியன் ஆவாய் என்று சொன்னாராம். அடுத்த ஓட்டத்தில் அவன் வேலியோடு மோதினான். பிறகு வண்டியே ஏறவில்லை. அன்றைக்கு வாயைக் கட்டியவர்தான்.

நான் அங்கே கிடந்த டயர் ஒன்றின் மேல் இருந்துவிட்டேன். பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை.

"பிரேக் இல்லாத வண்டியில ஓடுறவன் விழாமல் என்ன செய்வான்? உங்கட வாய்க்கு அவ்வளவு சக்தி எண்டால், எங்கட றோட்டைத் தோண்டிப்போட்டு மூடாமல் விட்ட கவுன்சில்காரரைப் புகழுங்கோவன், பாப்பம்! அவன் ஞாயிற்றுக்கிழமை போறான், இஞ்ச ஒருத்தருக்கும் நான் தேவையில்லை எண்டு நினைச்சுக்கொண்டு போறான். அது உங்களுக்குச் சரியோ?"

 கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

குசினி மேசையில் சுருட்டையனுக்கு எதிரே இருந்து, மேசையைப் பார்த்தபடியே பேசினார். ஏப்ரலில் எந்த வளைவில் யாரை முந்தினான், மழை நாளில் மற்றவர்கள் பயந்து விலகிய பக்கத்தில் எப்படி நுழைந்தான், தோற்ற பிறகு வண்டியை உதைக்காமல் தன் கையால் கழுவினான் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"நீ உலகச் சம்பியன் ஆகலாம், ஆகாமலும் போகலாம். அது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் உன்னைப் போல ஒருவனை நான் இதற்கு முன் பார்க்கவில்லை." சொல்லி முடித்ததும் ஒரு செம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

சுருட்டையன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை?"

நான் நாவூறை விளக்கினேன். எங்கள் பிள்ளை என்று நினைத்தவனைத்தான் நாங்கள் திட்டுவோம், புகழ்வது மற்றவனை, என்றேன். படியடியில் ஒரு சத்தம். கையில் கோப்பையோடு நெட்டையன் நிற்கிறான்.

"அப்படியென்றால் என்னைப் புகழ்ந்தது?"

ஐயோ கடவுளே. மூவரும் மேசையைப் பார்த்தோம். "தோசை சுடட்டே ராசா?" என்று கேட்டு நான் அடுப்படிக்கு ஓடினேன்.

சுருட்டையன் திறப்பைத் திருப்பி எடுக்கவில்லை. சனிக்கிழமை ஓடிவிட்டுச் சொல்கிறேன் என்றான்.

சனிக்கிழமை முதல் ஓட்டத்தில் கடைசியாகப் புறப்பட்டு மூன்று பேரையும் முந்தினான். என் கணவர் வெட்கத்தை விட்டுக் கத்தினார், "அப்பிடித்தான்ரா! என்ர ராசா!" இரண்டாவது ஓட்டத்தில், ஹெல்மெட்டுக்கு மேல் நீலத் தொப்பி போட்ட இன்னொரு ஓட்டக்காரனின் சக்கரம் இவனுடைய வண்டியில் கொழுவியது. வண்டி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். வேலியில் போய் அடித்து விழுந்தான். 

"என்ர வாய், என்ர வாய்" என்று மனுசன் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினேன்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஒரு மாதத்தில் மறுபடி ஓடலாம் என்று வைத்தியர் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. பிள்ளை கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வெளிறிப்போய் இருந்தான். பல்லெல்லாம் மண். இவர் உள்ளே வரவில்லை. குற்றவாளி மாதிரி வாசலிலேயே நின்றார்.

"அங்கிள், அது உங்களுடைய வாய் இல்லை. நீலத் தொப்பிக்காரனின் சக்கரம்."

இவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு விமானம் இருக்கிறது. ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்குச் சொன்னீர்களே, இப்போதும் அப்படித்தானா?"

இவர் அந்தக் கட்டுப்போட்ட தோளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  இன்னொரு முறை சொல்லி இன்னொரு முறை விழுந்தால் இந்த மனுசன் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். 

"ஓம்" என்றார். 'யெஸ்' என்கிற ஆங்கிலம் வாயில் வரவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு கோடைகாலம் சோறு தின்ற பிள்ளைக்கு அது விளங்கியது. சுகமான கையை நீட்டினான். இவர் உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வைத்தியருக்கும் கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னார்.

"ஓமடா, ஓம்."