ஒரு 'அவன்' படுத்திய பாடு

நான் யாரையும் 'அவன்' என்று சொல்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் பாதிப் பேர் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலை சூப்பர்வைசருக்கு என் மகள் வயதுதான். அவரையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டேன். கேஸ் தோம்பு தூக்கிவருகிற பையனும் எனக்கு 'அவரு'தான். நான் சிறுமியாக இருந்தபோது எஸ்டேட்டில் ஆட்களை மேய்த்த மண்டோர் ஒருவர் என் அம்மாவை ஊர் கேட்கத் திட்டுவார். இன்றைக்கும் வீட்டில் அந்தப் பேச்சு வந்தால் 'அந்த மனுசன் இருந்தாரே' என்றுதான் எனக்கு வாயில் வரும். வளர்த்த விதம் அப்படி.

'அவன்' என்று வாய் தவறாமல் வருவது சினிமா வில்லனுக்கு, முருகனுக்கு, அப்புறம் நான் ஜென்மத்தில் நேரில் பார்க்கப்போகாத தூர தேசத்துப் பெரிய மனிதர்களுக்கு. நாம் சொல்வது அவர்கள் காதில் விழாது. முருகனுக்கு விழும், ஆனால் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஈஜோக் போகிற சாலையில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சாப்பாட்டு மேசைக்கான நாற்காலிகள், எல்லாம் ரப்பர் மரத்தில் செய்தவை. என் அப்பாவும் அம்மாவும் அந்த மரத்தில் பால் வெட்டினார்கள். நான் அதே மரத்தை மணல் தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். தேய்த்துச் சாயம் பூசிய நாற்காலிகளில் பெரும்பாலானவை கண்டெய்னர் ஏறி, கிள்ளான் துறைமுகம் வழியாக அமெரிக்கா போகும். என் கணவர் அதே தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டினார். தஞ்சோங் காராங்கில் தொடங்கி, புக்கிட் ரோத்தான் வழியாக ஆட்களைப் பொறுக்கிக்கொண்டு வருவார். ஆகவே எங்கள் வீட்டின் இரண்டு சம்பளமும் அந்த ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தன.

அமெரிக்கா நம் நாட்டுச் சாமான்களுக்கு வரி போடப்போகிறது என்றார்கள். போட்டாயிற்று என்றார்கள். கொஞ்ச நாள் நிறுத்தி வைத்திருக்கிறது என்றார்கள். மறுபடி போட்டாயிற்று என்றார்கள். அங்கே ஒரு வாய் திறந்தால் இங்கே எங்கள் முதலாளியின் முகம் மாறும். வாங்குகிறவர்கள் 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்லிவிட்டதால், முடித்த நாற்காலிகள் கிடங்கில் கூரை முட்ட நின்றன. முதலில் ஓவர்டைம் போயிற்று. பிறகு சனிக்கிழமை வேலை போயிற்று. அப்புறம், தேய்க்கிற பிரிவையே மூடிவிடலாமா என்று ஆபீஸில் யோசிப்பதாகப் பேச்சு கசிந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. ஒரு விளக்குக் கம்பம் விடாமல் கொடி கட்டினார்கள். கோயில் மண்டபத்துக்குக் கூரை, எங்கள் தாமான் குடியிருப்புக்குள் தார் ரோடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பை என்று வீட்டுக்கு வீடு வந்து சொன்னார்கள். பத்திரிகைகளைப் புரட்டினால் யார் யாருடைய காலை வாரினார், யார் யாரோடு சேர்ந்து சாப்பிட்டார் என்பதுதான் செய்தி. நாற்காலி என்ற சொல் தினமும் வந்தது. ஆனால் அது நாங்கள் தேய்க்கிற நாற்காலி இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. எங்கள் வேலைக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவர்கள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதனால்தான் ஓர் இணையத் தொலைக்காட்சியிலிருந்து நிருபர் ஒருவர் எங்கள் தாமானுக்கு வந்து, "பேசறீங்களா அக்கா?" என்று கேட்டதும் உடனே சரி என்றேன்.

மரியாதையான பிள்ளை. மைலோ கலந்து கொடுத்தேன், குடித்தார். வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்களுடையது சாதாரண இணைப்பு வீடு. வாசலில் டைல்ஸ் போட்டிருக்கிறோம், அதுதான் அவருக்கு இடித்தது.

"இங்க வேணாம் அக்கா. எஸ்டேட்ல பழைய லயம் இருக்கில்ல, அங்க போய் எடுப்போம். பீலிங்கா இருக்கும்."

எஸ்டேட் ஆட்கள் ஒரு காலத்தில் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்து வீடுகளுக்கு இப்போது கதவும் இல்லை, கூரையும் இல்லை.

"அங்க யாரும் இல்லையே தம்பி. ஆடுதான் கட்டியிருக்காங்க."

"அதான் அக்கா வேணும். வேற சட்டை இருக்கா? இது ரொம்ப புதுசா இருக்கு லா."

சட்டையை மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் லயத்துக்குப் போனேன். ஆட்டுப் புழுக்கையை மிதிக்காமல், இடிந்த சுவரை ஒட்டி நின்று, மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினேன். நான் பேசியது எனக்கு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது.

"அமெரிக்காக்காரன் நம்ம சாமானுக்கு வரி போடறேன்னு நிக்கிறான். அவன் வரியப் போட்டு எங்க வயித்துல அடிச்சிட்டான். இங்க ஓட்டு கேட்டு வர்றவங்க எல்லாம் நல்லாத்தான் பேசறாங்க. நேத்து அய்யாகூட கோயிலுக்கு வந்தாரு, எல்லாரையும் விசாரிச்சாரு. ஆனா இதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க. வேலை போச்சுன்னா எங்களுக்கு என்னா வழி? அத மட்டும் சொல்லுங்க."

அய்யா என்று நான் சொன்னது ஆட்சியில் இருக்கும் பக்கத்து வேட்பாளரை. வயதானவர், தமிழர், யாரிடமும் கடிந்து பேசாதவர்.

மறுநாள் காலை வேனில் ஏறியபோது ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் போனை நீட்டினார். அதில் நான் இருந்தேன். இடிந்த சுவர் இருந்தது, ஓர் ஆடுகூட இருந்தது. நான் பேசியதில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: "அவன் வரியப் போட்டு எங்க வயித்துல அடிச்சிட்டான்." அதற்கு முன்னால், கழுத்தில் மாலையோடு, கும்பிட்டபடி சிரிக்கிற அய்யாவின் படம். உள்நாட்டு விற்பனை வரி பற்றியும் அப்போது முணுமுணுப்பு இருந்ததால், ஒட்டவைத்தது கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. அந்தத் தொலைக்காட்சி எந்தப் பக்கத்துக்கு வேண்டியது என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எஸ்.பி.எம். என்கிற பள்ளியிறுதித் தேர்வுக்குத் தமிழ் எடுத்துப் படித்தவள் நான். 'அவன்' என்பது சுட்டுப்பெயர் என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. முன்னால் ஓர் ஆள் இருந்தால்தான் அதற்கு வேலை. அந்த ஆளை வெட்டி எறிந்துவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அது என்ன செய்யும், பாவம்? நிற்கிறவரைச் சுட்டும்.

அன்று சாயங்காலம் பக்கத்து வரிசை அண்ணன் வந்தார். கோயில் கமிட்டியில் இருப்பவர், அய்யாவின் கட்சிக்காகக் கொடி கட்டியவர். வரிப் பேச்சு பொய் என்று சண்டைக்கு வருவார் என நினைத்தேன். அதை அவர் தொடவே இல்லை.

"வரியப் பத்தி நீ என்னா வேணா பேசு தங்கச்சி, அது உன் உரிமை. ஆனா அவரு வயசு என்னா, உன் வயசு என்னா? 'அவன்'னு சொல்லிட்டியே!"

"அண்ணே, நான் அமெரிக்காக்காரன சொன்னேன். முன்னாடி சொன்னத வெட்டிட்டாங்க. அய்யாவ 'வந்தாரு, விசாரிச்சாரு'ன்னுதான் சொன்னேன். உங்களுக்குத் தெரியாதா, நான் யாரையாச்சும் 'அவன்'னு பேசி கேட்டிருக்கீங்களா?"

அவர் யோசித்தார். கேட்டதில்லை என்று ஒப்புக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. உடனே சொன்னார்: "சரி, நீ சொல்லல. இருந்தாலும் போன்ல ஒரு மன்னிப்பு சொல்லிப் போட்டுரு. தேர்தல் நேரம் பாரு."

சொல்லாததற்கு மன்னிப்பு. முடியாது என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் எதிர்ப்பக்கத்து ஆட்கள் பழக்கூடையோடு வந்தார்கள். 'தைரியமான பொண்ணு' என்று என் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் விளக்கினேன். அமெரிக்கா, நாற்காலி, கிடங்கு, எல்லாம் சொன்னேன். ஒருவர் என் தோளைத் தட்டினார். "அது கிடக்கட்டும் அக்கா. இப்ப போய் ஏன் வெளக்கம் சொல்லிக்கிட்டு? சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."

அந்த வாரம் ஒரு பத்திரிகை என்னைக் குமுறும் தொழிலாளி என்றது. இன்னொரு பத்திரிகை மரியாதை தெரியாத பெண் என்றது. இரண்டையும் வரி விடாமல் படித்தேன். அமெரிக்கா என்ற சொல் இரண்டிலும் இல்லை. எங்கள் தொழிற்சாலை இரண்டிலும் இல்லை. நிருபருக்குப் போன் போட்டேன். எடுத்தார், அதே மரியாதையோடு பேசினார்.

"அக்கா, அமெரிக்கா கதையெல்லாம் இப்ப இங்க யாரும் பார்க்க மாட்டாங்க. தேர்தல் முடியட்டும், அத தனியா பண்ணுவோம்."

"அதுக்குள்ள எங்க வேலை போயிடும் தம்பி."

"பண்ணுவோம் அக்கா, கண்டிப்பா பண்ணுவோம்."

எனக்குப் பக்கத்தில் நின்று நாற்காலி தேய்க்கும் மலாய்த் தோழிக்கு இந்தக் கலாட்டா புரியவே இல்லை. மலாயில் அவனுக்கும் அவருக்கும் அவளுக்கும் சேர்த்து ஒரே 'டியா'தான். நான் ஒவ்வொன்றாக விளக்க விளக்க, "வெறும் டியாவுக்கா இவ்வளவு சண்டை?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். அந்த வாரம் முழுக்க நியாயமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அப்புறம் தவுக்கே என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். எங்கள் சீன முதலாளியை எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். மேசை மேல் கம்ப்யூட்டரில் என் முகம். யாரோ அடியில் ஆங்கிலம் எழுதி, நான் எந்தத் தொழிற்சாலை என்பதையும் சேர்த்துப் பரப்பியிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி, எங்கள் நாற்காலிகளை வாங்குகிற அமெரிக்கக்காரர்களின் கண்ணில் பட்டிருக்கிறது. 'வயித்துல அடிச்சிட்டான்' என்பதை, எழுதியவர் அப்படியே, அடி என்றால் அடி, வயிறு என்றால் வயிறு என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். உங்கள் தொழிற்சாலையில் பெண் தொழிலாளியை வயிற்றில் அடித்த அந்த ஆள் யார், அவர்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள்.

தவுக்கேயின் முகத்தில் ரத்தம் இல்லை. "யார் உன்னை அடித்தது? சூப்பர்வைசரா?" என்று மலாயில் கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. யாரும் அடிக்கவில்லை, பிழைப்பைக் கெடுப்பதைத் தமிழில் அப்படித்தான் சொல்வோம், நான் சொன்னது அவர்கள் நாட்டு வரியை என்று சொன்னேன். "கேட்கிறார்கள் இல்லையா, அடித்தது நீங்கள்தான் என்று அவர்களுக்கே எழுதிவிடுங்கள்" என்றும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாங்குகிறவரிடம் அப்படி எழுத முடியுமா? ஏதோ தவறான மொழிபெயர்ப்பு என்று பதில் போட்டுவிட்டு, இனி யாரிடமும் எதுவும் பேசாதே என்றார்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அய்யா வந்தார். கூட்டத்தில் ஒதுங்கி நின்று கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், பார்வையை அம்மன் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அதுதான் ரொம்ப வலித்தது. கிட்டே போய்ச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதைச் சொன்னாலும் எதற்கு முன்னால் எந்தப் படத்தை ஒட்டுவார்களோ என்று பயந்து, திருநீறு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தேர்தல் நடந்தது. விரலில் மை வைத்துக்கொண்டேன். ஒருவர் ஜெயித்தார், பட்டாசு வெடித்தார்கள், கொடிகளைக் கழற்றினார்கள். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. என் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

விரல் மை மங்குவதற்குள் எங்கள் பிரிவை மூடினார்கள். தவுக்கே நல்லவர், முகத்துக்கு நேரே நின்று சொன்னார், ஒவ்வொருவரிடமும் தனியாக மன்னிப்புக் கேட்டார். ஆள் குறைந்ததால் வேனும் நின்றது. என் கணவர் வேனைக் கழுவி, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள், நான் அடுப்படியில் இருந்தபோது நிருபர் போன் செய்தார். கை ஈரமாக இருந்ததால் சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? இப்ப எங்க பார்த்தாலும் அமெரிக்கா வரிதான் அக்கா நியூசு. ஒவ்வொரு நாடும் என்னா சொல்லுதுன்னு பெரிசா பண்றோம். நீங்க அன்னைக்கு சொன்னீங்கள்ல, அதையே அப்படியே மறுபடி சொல்லணும். அந்த 'அவன்' கண்டிப்பா வேணும் அக்கா. அதான் நல்லா போச்சு."

"நான் இப்ப அங்க இல்ல தம்பி. எங்க செக்சன மூடிட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் வேன் இல்ல."

"அடடா" என்றார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

"அப்படின்னா இன்னும் நல்லா இருக்கும் அக்கா. எப்ப வரட்டும்? அதே லயத்துகிட்டயே எடுத்துடலாம்."

"வைடா போன!" என்று கத்தினேன்.

ஹாலில் இருந்த என் கணவர் எழுந்து வந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து ஒரு 'டா' வந்து அவர் கேட்டதில்லை.

"யாரு?" என்றார்.

"அவன்தான்" என்றேன்.

யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.