சரோஜா டீச்சரின் தவளைப் பாட்டு

ராகலையில், தேயிலைத் தோட்டத்து வேலையாட்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராக்களின் ஆசிரியைகளுக்கு நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் தரையில் உட்கார்ந்து படம் வெட்டி, தாள் ஒட்டிப் புத்தகம் செய்தார்கள். கோதுமை மாப் பசையின் வாசம் அடித்தது. அந்த வாசத்தோடு நிமிர்ந்து பார்த்தபோதுதான், முன்வரிசையில் இருந்தவர் சரோஜா டீச்சர் என்று தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

அவரிடம் நான் இருந்தபோது எனக்கு நாலு வயது. எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு யாரோ கொடுத்த படப் புத்தகங்களுக்கு இதே பசையில் உறை ஒட்டி, டீச்சர் கண்ணாடி அலுமாரியில் பூட்டி வைத்திருந்தார். தோட்டத் துரை வரும் நாளில் மட்டும் அவை வெளியே வரும். அப்படி ஒரு நாள் நான் யானைப் படத்தைத் தொட்டுவிட்டேன். துரை போனதும் கோடு போடும் அடிமட்டத்தால் என் விரல்களில் அடித்தார். மாலையில் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம், "கொழுந்து பறிக்கப் போற கைக்குப் படம் எதுக்கு?" என்று கேட்டார்.

"மன்னிச்சிடுங்க டீச்சர், இனி தொட மாட்டா" என்று அம்மா குனிந்து நின்றாள்.

விரல் வலி இரண்டு நாளில் போய்விட்டது. அம்மாவைக் குனிய வைத்ததற்காக டீச்சரை இன்றுவரை வெறுக்கிறேன்.

பயிற்சியில் அடுத்தது பாட்டு.

"டீச்சர், நீங்க வாங்க. தவளை மாதிரி குதிச்சுக்கிட்டே பாடுங்க" என்றேன்.

குதித்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொரு தடவை குதிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவையில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்னைய மட்டும் ஏம்மா கூப்பிடுறீங்க? நான் என்ன செஞ்சேன்?"

அதற்கான பதிலை முப்பது வருடமாக வைத்திருந்தேன்.

"சத்தம் பத்தல டீச்சர்" என்றேன். "மறுபடி பாடுங்க."