கடித்துப் பார்த்த ஃபில்டர்

அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைச் சாஸர் துண்டு இருக்கும். விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வேலை, கண்ணெல்லாம் லாரி மேல். டீக்கடையில் வண்டி நின்றால் இன்ஜின் ஆயிலில் ஒரு சொட்டை அந்தத் துண்டில் விட்டுப் பார்ப்பார். என் கரும்பு லாரியின் சொட்டு தார் போல இருந்தது.

"பழைய ஆயிலைக் கீழ ஊத்தாதீங்க, வடிகட்டிக்கலாம்" என்றார். களிமண்ணில் மரத்தூள் கலந்து சுட்டால் தூள் எரிந்து பொடித் துளைகள் விழுமாம். ஆயில் வடியும், கரி நின்றுவிடும். அந்தச் சுட்ட மண் ஃபில்டரை ஒரு டப்பாவில் வைத்து, இரண்டு குழாயோடு இன்ஜினில் மாட்டலாம். கேட்கக் கேட்க எனக்குப் பரபரத்தது.

கப்புகளோடு சேர்த்துச் சுட்ட முதல் ஃபில்டர் கண்ணாடி போல மின்னியது. பம்பு வைத்து அழுத்தியும் ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"கைப்பழக்கம்ங்க! கப்பு மாதிரி இதையும் கிளேஸுல, அந்தப் பளபளப்புப் பூச்சுல, முக்கிட்டேன். துளையெல்லாம் அடைஞ்சு போச்சு!"

அடுத்தது சொரசொரவென்று வந்தது. அதன் வழியே ஆயில் டீ நிறத்தில் இறங்கியபோது நான் கத்தியே விட்டேன். உடனே பயமும் வந்தது. என் பிழைப்பே அந்த லாரிதான்.

"மண்ணு உதிர்ந்து இன்ஜினுக்குள்ள போயிட்டா?"

அவர் வடிந்த ஆயிலில் ஒரு சொட்டை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். "நறநறன்னு ஒண்ணும் இல்ல. மாட்டுங்க."

பல்லில் எண்ணெய் மின்ன அவர் சிரித்ததும் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். எத்தனையோ உதிரி பாகம் மாட்டியிருக்கிறேன். செய்தவரே கடித்துப் பார்த்துக் கொடுத்தது அது ஒன்றுதான்.